பக்கத்து ஸீட்

"நாளைக்கு என்னை இந்த வண்டியிலதான் ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடணும்."

வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒரு பாதம் ஏதோ ஞாபகத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதும் நின்றது. அவ்வளவுதான் பதில். ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தமும் நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் இங்கிதம் தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"கேக்குதாப்பா? இந்த வண்டியில. நாளைக்கு."

ஜன்னலில் அம்மாவின் முகம் வந்தது. கை ஈரமாக இருந்ததால் வாயில் விரலை வைக்கவில்லை. கண்ணாலேயே அதைச் செய்தாள்.

அம்மா அந்த வீட்டில் போட்ட சட்டங்கள் ஏராளம். ஈரத் தலையோடு படுக்காதே. மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடாதே. அத்தைக்குப் பதில் பேசாதே. எல்லாவற்றையும் அவள் மீறியிருக்கிறாள். அத்தை விஷயத்தை மனநிறைவோடு மீறியிருக்கிறாள். ஒன்றே ஒன்றைத்தான் தொட்டதில்லை. "அப்பாகிட்ட எது வேணா கேளு. வண்டியை எப்ப வெளிய எடுப்பீங்கன்னு மட்டும் கேட்டுடாதே." சிறுவயதில், ஏன் என்று கேட்டதற்கு அம்மா சொன்னாள்: "கேட்டுட்டா அது முடிஞ்சாகணும்டி. முடிஞ்சுட்டா அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமையில என்ன பண்ணுவாரு? அடுக்களைக்கு வந்து என் மிக்ஸியைக் கழட்டுவாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு கெஞ்சல் இருந்தது. குழந்தைகளுக்கு அதுதான் முதலில் காதில் விழும்.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. இரண்டே ஸீட், மடக்குகிற கூரை, நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரம் என்று இருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அப்பா பிறப்பதற்கு முன்பே எங்கோ கடல் தாண்டிச் செய்யப்பட்டது. பணக்கார வீட்டு வாசலில் நிற்க வேண்டியது, தகரக் கூரை ஷெட்டில், துணி காய்கிற கொடிக்குக் கீழே, பழைய டயர்களுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவே நின்றது. அப்பா பஸ் டிப்போவில் பிட்டர். தெருவில் அவருக்கு ஸ்பேனர் என்றுதான் பெயர். கல்யாணமான புதிதில், ஒரு பங்களாவின் பின்பக்கம் கோழி அடைகிற கூடாக அந்த வண்டி கிடந்ததைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டே போகிற அவசரத்தில் இருந்தார்கள். இடத்தைக் காலி பண்ணினால் போதும், எடுத்துக்கொண்டு போ என்றார்கள். டிப்போ லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார். லாரியை அவர் ஓட்டினால் கயிற்றின் மறுமுனையில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. அம்மா உட்கார்ந்தாள். புதுப்பெண், கோழி எச்சத்தின் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்து, பாதி வழி அழுதுகொண்டும் மீதி வழி சிரித்துக்கொண்டும் ஊரைக் கடந்தாளாம். "இந்த வீட்டுல அந்த வண்டியை ஓட்டினவ நான் ஒருத்திதான்" என்பது இன்றைக்கும் அம்மாவின் பெருமை. அதைக் கேட்கும்போதெல்லாம் மகளுக்கு வயிறெரியும்.

அவளும் அதில் உட்கார்ந்திருக்கிறாள், கணக்கில்லாத தடவை. அதுவும் ஓட்டுகிற ஸீட்டில். பிரேக்கில் காற்று எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து நிப்பிளைத் திறந்து, ஆயிலோடு வருகிற குமிழ்களை வெளியேற்றி, மறுபடி மூட வேண்டும். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலைத் தூக்கிவிட்டால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும், செய்ததெல்லாம் வீண். "அடி… அடி… புடி" என்பார் அப்பா. அவள் ஸீட்டின் நுனிக்கு நகர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு காலையும் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். பாதத்துக்குக் கீழே பெடல் மெதுவாக இறங்கும். "விடு" என்கிற சொல் வரும்வரை அந்த வண்டியின் உயிர் அவள் காலில் இருக்கும். அம்மாவை வைத்தும் முயன்று பார்த்தார். "உங்கம்மா காலு யார் பேச்சையும் கேக்காது" என்று கைவிட்டுவிட்டார். ஆக, பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அவள்தான். எதிரே கண்ணாடி வழியாகத் தெரிவதெல்லாம் ஷெட்டின் தகரக் கதவு. ஓட்டுகிற ஸீட்டிலேயே வளர்ந்தாள், ஓரடி நகராமல்.

ஆனால் அவள் ஆசைப்பட்டது அந்த ஸீட்டுக்கு இல்லை. பக்கத்து ஸீட்டுக்கு. அதில் எப்போதும் அப்பாவின் டூல்ஸ் பெட்டி உட்கார்ந்திருந்தது. பச்சை இரும்புப் பெட்டி. தரையில் வைத்தால் ஈரம் ஏறும் என்பார். மகாராணி மாதிரி அது அங்கே சாய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே பெடலை அமுக்குவாள். அந்த இடத்தில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்பா ஓட்ட வேண்டும், தகரக் கதவு பின்னால் போய்ச் சின்னதாகிவிட வேண்டும். எந்த ஊருக்கு என்றெல்லாம் நினைத்ததில்லை. காற்று முகத்தில் அடிக்க வேண்டும், அப்பா ஏதாவது சொல்ல வேண்டும், காற்றில் அது காதில் விழாமல் "என்னப்பா?" என்று அவள் கத்த வேண்டும். இவ்வளவுதான் கனவு. வேறு பெண்கள் எதற்கெல்லாமோ ஏங்கினார்கள்.

"நீ நல்லாப் படி, இதுல கூட்டிட்டுப் போறேன்." அது அப்பா தானாகச் சொன்னது. அவள் கேட்கவில்லை, கேட்கக் கூடாதே. பள்ளிப் படிப்பு முடிந்தபோது கியர்பாக்ஸ் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. அவள் வேதியியல் படிக்க வெளியூர்க் கல்லூரிக்குப் போனபோது என்ஜின் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். "இனிமே இவளுக்கு மாப்பிள்ளையும் கல்லூரிக்குள்ளதான் தேடணும்" என்றாள் அத்தை. "தேட வேண்டாம், நீங்க சும்மா இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாள்.

ஹாஸ்டலில் ஒரு முட்டாள்தனம் செய்தாள். மற்றவர்களின் அப்பாக்கள் கார்களில் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் வாய் தவறி, "எங்கப்பாகிட்ட ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு" என்றாள். சிரித்தார்கள். சிரித்ததால் பிடிவாதம் பிடித்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா அதில்தான் வருவார், வந்து பாருங்கள் என்றாள். பொய் சொல்லவில்லை. அந்த வாரம் போனில் அப்பாவே சொல்லியிருந்தார், "முடிஞ்ச மாதிரிதாம்மா. இந்தத் தடவை பாரு." அன்று காலை கல்லூரி வாசலில், கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு, இரண்டு தோழிகளோடு நின்றாள். தூரத்தில் சிவப்பாக எது வந்தாலும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கடைசியில் பஸ் நிறுத்தத்தின் பக்கமிருந்து அப்பா நடந்து வந்தார். புதுச் சட்டை. விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. அது எப்போதும் உள்ளதுதான். தோழி ஒருத்தி தேனாகக் கேட்டாள், "கார் எங்க அங்கிள் பார்க் பண்ணீங்க?" அப்பா மகளைப் பார்த்தார். ஒரு கணம்தான். "சர்வீசுக்கு விட்டிருக்கேம்மா" என்றார். அவ்வளவு சரளமாக அவரால் பொய் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வராததைவிட அது வலித்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அவள் ஷெட் பக்கம் போகவில்லை. அப்பாவோடு சண்டையும் போடவில்லை. சாப்பிட வாங்க, கரண்ட் போச்சு, போன் அடிக்குது என்கிற அளவுக்குப் பேச்சு. பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிற மிஷின் முன்னால் நின்றாள். கடைக்காரர் அவளை "கெமிஸ்ட்ரி" என்று கூப்பிட்டார், அது தெருவுக்கும் பரவியது. இப்போது தூரத்து ஊர் ஒன்றில் பெயிண்ட் தயாரிக்கிற கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாளை மதியம் ரயில். போனால் எப்போது வருவாள், எதற்காக வருவாள் என்று அவளுக்கே தெரியாது. காலையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று தோன்றியது: கேட்காமலே போய்விட்டால், எத்தனை வயதானாலும் அந்தப் பச்சைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பெடலை மிதித்தபடிதான் இருப்போம். நேராக ஷெட்டுக்கு வந்தாள். வாயைத் திறந்தாள்.

அப்பா பலகையோடு சேர்ந்து உருண்டு வெளியே வந்தார். படுத்தபடியே அவளைப் பார்த்தார். நெற்றியில் ஒரு கோடு ஆயில்.

"பிரேக்குல காத்து இருக்கும்மா."

"எடுப்போம். நான் மிதிக்கிறேன்."

"கார்புரேட்டர் ரெண்டும் ஒண்ணா மூச்சு விடல."

"அதையும் பாப்போம். இன்னிக்குப் பூரா எனக்கு வேலை இல்ல."

அவர் அம்மாவின் ஜன்னலைப் பார்த்தார். அங்கே முகம் இல்லை. பாத்திரம் தேய்க்கிற சத்தம், வழக்கத்தைவிட வேகமாக, மறுபடி ஆரம்பித்திருந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இப்போது கால் தாராளமாக எட்டியது; ஸீட் நுனிக்கு நகர வேண்டியதில்லை. அதுகூட ஒரு மாதிரி இருந்தது. பக்கத்தில் டூல்ஸ் பெட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தது. "அடி… அடி… புடி." பெடல் இறங்கியது. "விடு." பின்சக்கரம் ஒன்று முடிந்து அடுத்ததற்கு அவர் நகர்ந்து போகிற சத்தம். இருவரும் மாதக்கணக்கில் சரியாகப் பேசாதவர்கள். ஆனால் இந்த மூன்று சொற்கள் பேச்சில் சேர்த்தி இல்லையே. அவள் கால் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டேயிருந்தது. சும்மா இருந்த கண், கண்ணாடி வழியே நீண்ட பானெட்டைப் பார்த்தது. அதன் இரண்டு பக்கமும் மட்கார்டுகள் தோள்போல உயர்ந்திருந்தன. பார்த்துக்கொண்டிருந்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"என் ரூம் பக்கம் இருக்கிற மட்கார்டை எப்பப்பா மறுபடி பெயிண்ட் அடிச்சீங்க?"

அடியிலிருந்து குரல் வந்தது. "எது?"

"இந்தப் பக்கம் இருக்கிறது. ரெண்டும் ஒரே சிவப்பு இல்ல. இதுல மஞ்சள் ஒரு சொட்டு கூட இருக்கு."

"துரு வந்துச்சு."

"புதுசா அடிச்ச மட்கார்டுலயா?"

"அடி" என்றார் அப்பா. அவள் அடித்தாள். "புடி." பிடித்தாள். கேள்வியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு சக்கரமும் முடிந்ததும் பெடல் கல் மாதிரி நின்றது. பானெட்டைத் திறந்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். முதல் தடவை இருமியது, இரண்டாவது தடவை தும்மியது, மூன்றாவது தடவை தகரக் கூரை அதிர எழுந்தது. அப்பா ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒரு கார்புரேட்டரின் வாயில் வைத்தார். பிறகு இன்னொன்றின் வாயில். ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினார். மறுபடி கேட்டார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால், காதில் யாரோ அவருக்கு வேண்டியவர்கள் ரகசியம் சொல்கிற மாதிரி இருக்கும். சின்ன வயதில் அந்த முகத்தின் மேல் அவளுக்குப் பொறாமை. இப்போதும்தான், பொய் சொல்வானேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாக மூச்சு விட்டன. என்ஜின் சத்தம் இறங்கி, சீராகி, தூங்குகிற பிராணியுடையது போல ஆயிற்று. குறையென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அப்பாவுக்குச் சாக்கு தீர்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு எதிர்க்கடை டெய்லர் கழுத்தில் டேப்போடு வந்து நின்றார். "என்ன ஸ்பேனரே, இன்னிக்குக் கிளம்பிடுமா? இல்ல, என் தையல் மிஷினை முன்னால கட்டி இழுக்கட்டுமா?"

"கிளம்பும்" என்றாள் அவள் இறங்கிக்கொண்டே. "கதவைத் திறக்கறேன்."

அப்பா என்ஜினை நிறுத்தினார். "அந்தக் கதவு திறக்காதும்மா. துருவேறி இறுகிக் கெடக்கு."

"துருவுக்கு உங்ககிட்ட இல்லாத மருந்தா?"

ஷெட்டின் வாசலுக்கு இரட்டைத் தகரக் கதவு. ஒன்றைத்தான் திறந்து மூடுவார்கள். இன்னொன்றின் தாழ்ப்பாள் தெருப்பக்கம் அடியில் சிமெண்டுக்குள் இறங்கியிருந்தது. அதன் மேல் யாரோ சாய்த்த பழைய சைக்கிள், டெய்லர் கடை விளம்பரம். உள்பக்கம் அந்த மூலையில் இரும்பு அலமாரியும் அதன்மேல் தார்ப்பாயும். அந்தக் கதவு திறந்து அவள் பார்த்ததே இல்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

"தொடாதேடி அதை." அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள். "என்னங்க, சொல்லுங்களேன் அவகிட்ட."

அப்பா சொல்லவில்லை. அவள் சைக்கிளை நகர்த்தினாள். தாழ்ப்பாளைக் கீழிருந்து மேலாக அடித்தாள். இத்தனை நாள் கோபத்துக்கு அது ஒன்றும் பெரிய தாழ்ப்பாள் இல்லை. பிடுங்கிக்கொண்டு வந்தது. கதவைப் பிடித்து இழுத்தாள். கீச்சென்று அழுதுகொண்டே தகரம் திறந்தது.

பின்னால் செங்கல்.

பூசாத சுவர். அவள் அறையின் சுவர். பள்ளி இறுதி வருஷத்தில், அவள் படிக்கவென்று அப்பா வீட்டின் மூலையை நீட்டி ஓர் அறை கட்டினார். அது ஷெட்டின் வாசலில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு நின்றது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு கதவும் அப்படியே இருந்தன, லாரி நுழைகிற அகலத்துக்கு. பிறந்த வீட்டின் வாசலை யார் அளந்து பார்க்கிறார்கள். கதவு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பாதி, சுவருக்குப் போட்ட சட்டை.

சுவரின் ஓரத்தில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு செங்கற்கள் பெயர்ந்திருந்தன. அந்தக் காயத்தில் சிவப்பாக ஒரு தீற்றல். அவள் குனிந்தாள். நகத்தால் சுரண்டி, விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பழைய சிவப்பு. மஞ்சள் சொட்டு இல்லாதது.

"எப்ப?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

அம்மாதான் பேசினாள். "நீ பட்டம் வாங்கின அன்னிக்கு. விடியக்காலையில எந்திரிச்சுக் குளிச்சு, புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு என்னை எழுப்பினாரு. 'வந்து பாரு, இந்தத் தடவை கயிறு இல்லாமப் போறேன்'னாரு. நானும் வந்து நின்னேன். வந்துச்சு, வந்துச்சு, நல்லாத்தான் வந்துச்சு. அப்படியே மாட்டிக்கிச்சு. பின்னால தள்ளி உள்ள விட்டதும் நான்தான். இந்த வீட்டுல ஓட்டினதும் நானு, தள்ளினதும் நானு."

"அளக்காமலா கட்டினீங்க?"

அப்பா வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை. "அளந்தேம்மா. அப்ப மட்கார்டு நாலையும் கழட்டிச் சுவத்துல மாட்டியிருந்தேன். சக்கரமும் இல்ல. கல்லுமேல நின்னுச்சு. இருந்த வண்டியை அளந்து கொத்தனார்கிட்ட சொன்னேன். அதுக்கு மேலயும் நாலு விரக்கடை விட்டுத்தான் கட்டச் சொன்னேன்."

"கையைக் கழட்டி வச்சுட்டு வந்து சட்டைக்கு அளவு குடுத்தா அப்படித்தான்" என்றார் டெய்லர். சொல்லிவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று எல்லார் முகத்தையும் பார்த்தார். அப்பாதான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளால் முடியவில்லை.

வருஷக்கணக்காக வண்டி துண்டு துண்டாகவே கிடந்தது. அப்பாவுக்கு வண்டி என்றால் அன்றைக்குத் தரையில் எது இருந்ததோ அதுதான். முழுசாகச் சேர்த்து நிறுத்தியது அந்த ஒரு வாரத்தில்தான், அவளுக்காக. சேர்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரியது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அவள் வாசலில் நின்று சிவப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், புதுச் சட்டைக் கையை மடித்துவிட்டுச் செங்கல்லுக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை விட்டு நெம்பிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். தோல் உரிந்த முட்டிகள் ஞாபகம் வந்தன. கோபம் வந்தது. அவளுக்கு எது வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

"இதைச் சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்லச் சொல்றே? உன் ரூமை இடிச்சாத்தான் வண்டி வெளிய வரும்னா?"

"ஆமா. அப்படியே."

"அது உன் ரூமும்மா."

"நான் நாளைக்குப் போறேன்ப்பா."

"லீவுக்கு வருவே இல்ல." அப்பா அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. "இந்தத் தெருவுல பொண்ணுக்குன்னு தனியா ரூம் கட்டினவன் நான் ஒருத்தன்தான். அதை நானே இடிக்கிறதா?"

"எனக்காகத்தான் சுவருன்னு சொல்லாதீங்கப்பா. சுவர் கட்டுற எல்லாரும் பொண்ணுங்ககிட்ட அதையேதான் சொல்றாங்க." குரல் உயர்ந்ததில் டெய்லர் மெல்ல நழுவித் தன் கடைக்குப் போனார். "சர்வீசுக்கு விட்டிருக்கேன்னு அத்தனை பேர் முன்னாடி என்னைப் பாத்துப் பொய் சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் உங்ககூடப் பேசல. ஏன் பேசலன்னுகூட நீங்க கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

யோசித்தாள். "மாட்டேன்."

"அப்புறம்?"

அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் எதையாவது முடித்தாக வேண்டும். சட்டம் அம்மாவுடையது என்று நினைத்திருந்தாள். மூன்று பேரும்தான் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

தன் அறைக்குப் போனாள். உள்ளேயிருந்து அந்தச் சுவரைப் பார்த்தால் அதுபாட்டுக்கு வெள்ளையாக, அப்பாவியாக நின்றது. அதில்தான் அவள் மேஜை, அதற்கு மேல் புத்தகப் பலகை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் என்ஜின் ஓடும்போது இந்தப் பக்கம் மேஜைமேல் பேனாக்கள் நடுங்கும். வேதியியல் வாய்ப்பாடுகளையெல்லாம் அந்த நடுக்கத்தோடுதான் மனப்பாடம் செய்தாள். ஹாஸ்டலின் அமைதியில் முதல் மாதம் ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. தனக்கென்று ஒரு கதவு, தாழ்ப்பாள், விளக்கு. தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இல்லாதது. நன்றியில்லாதவள் இல்லை அவள். ஆனால் அந்த அறை, நன்றியோடு உள்ளேயே உட்கார்ந்திருக்கச் சொல்கிறது. வண்டியும் அவளும், இரண்டு பேரில் ஒருவர்கூட வெளியே போகாமல், ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம்.

புத்தகங்களை இறக்கினாள். அடுக்கடுக்காக ஹாலில் கொண்டுபோய் வைத்தாள். பலகையைக் கழற்றினாள். மேஜையை இழுத்து எதிர்ச்சுவரோடு சேர்த்தாள். அம்மா ஹாலில் நின்று புத்தகங்களைப் பார்த்தாள். விழுந்துவிடாமல் ஓர் அடுக்கைச் சரி செய்தாள். அவள் ஷெட்டுக்குப் போய் டூல்ஸ் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வண்டியின் குறுக்கே பிடித்தாள். அதன் மிகப் பருமனான இடத்தில், மட்கார்டு முனையிலிருந்து மட்கார்டு முனைவரை. திரும்பி வந்து, வெள்ளைச் சுவரில் சாக்பீஸால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தாள்.

அப்பா அறை வாசலில் வந்து நின்றார். அவர் அந்த அறைக்குள் கேட்காமல் நுழைந்ததே இல்லை. இப்போதும் நுழையவில்லை.

"என்னம்மா பண்றே?"

"அளவு எடுத்துட்டேன். மட்கார்டோட."

அவர் கோட்டைப் பார்த்தார். அது அறையின் பாதியைத் தின்றிருந்தது. கட்டில் போட இடம் இருக்காது. "இடிச்சுட்டா, லீவுக்கு வந்தா எங்க படுப்பே?"

"ஹால்ல. இல்லன்னா ஷெட்ல. வண்டிதான் வெளிய போயிருக்குமே."

அதற்கு அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. கதவு நிலையை விரலால் தடவிக்கொண்டு நின்றார். மரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி.

"ரூமு இருந்தா வருவேன்னு நெனச்சேன்" என்றார்.

அவளுக்கு அந்த இடத்தில் சொல்ல வேண்டியது தெரியும். ரூம் இல்லாவிட்டாலும் வருவேன் என்று சொல்ல வேண்டும். ஒரு நல்ல மகள் அதைத்தான் சொல்வாள், அவர் தோளில் கை வைத்துச் சொல்வாள். ஆனால் அது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்ல அவளுக்கு வராது. ஒரு பொய் போதும் அந்த வண்டிக்கு.

"நாளைக்கு மதியம் வரைக்கும் இருக்கேன்ப்பா" என்றாள். "அதுக்குள்ள ஆயிடும். மேல ஷீட்டுதானே, சுவரு ஒண்ணும் தாங்கல."

சாக்பீஸை மேஜைமேல் வைத்தாள். பாவாடையில் அப்பியிருந்த தூசியைத் தட்டினாள். அப்பா வழிவிட்டு நகர்ந்தார்.

"கொத்தனார் வீடு பின் தெருவுலதானேம்மா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எவன் வருவான்?" என்றாள் அம்மா. பிறகு, "பச்சைக் கேட்டு போட்ட வீடு. நாய் இருக்கும், சத்தம் குடுத்துட்டுப் போ" என்றாள். வாசலில் கிடந்த செருப்பைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

வெயில் ஏறியிருந்தது. திறந்துகிடந்த தகரக் கதவு காற்றில் அசைந்து செங்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தது. டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினார். "கெமிஸ்ட்ரி, எங்க கிளம்பிட்டே?"

"கொத்தனாரைக் கூட்டிட்டு வர."

"எதுக்கு?"

அவள் நிற்கவில்லை. தெருவின் பாதி தாண்டியிருப்பாள். பின்னால் ஷெட்டுக்குள் வண்டியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, கனமான ஒன்றை மூச்சுப் பிடித்துத் தூக்குகிற முனகல். இரும்புப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இறக்கிவைக்கிற சத்தம், உள்ளே அத்தனை ஸ்பேனர்களும் ஒருசேரக் குலுங்கி அடங்குகிற சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டாள்.